ஆச்சி வெளியே நிற்பாளா, உள்ளே நிற்பாளா?

 

இது நீளமான பதிவு. ஒரு டம்ளர் காபி குடித்து முடிப்பதற்குள் படித்துவிட முடியாது. நேரம் இருக்கும்போது உட்கார்ந்து படியுங்கள். எழுத்துப்பிழை இருந்தால் தாராளமாகச் சொல்லுங்கள். முப்பது வருஷத்துக்கு மேல் உங்கள் நோட்டில் சிவப்பு மையால் கோடு போட்டவள் நான். இப்போது உங்கள் முறை.

போன மாதம் திருப்பூரிலிருந்து ஒரு போன் வந்தது. "டீச்சர், 1981ல உங்ககிட்ட ஆறாங்கிளாஸ் படிச்சேன்" என்று பெயரைச் சொன்னாள். சொன்னதுமே முகம் ஞாபகம் வந்துவிட்டது. இரட்டைச் சடை, முதல் பெஞ்சு, எதற்கெடுத்தாலும் கேள்வி. இப்போது பேத்தி எடுத்துவிட்டாளாம். ஊரைப் பற்றி, செத்தவர்கள் இருப்பவர்களைப் பற்றி, தேரிக்காட்டில் இப்போது பனை எவ்வளவு குறைந்துபோயிற்று என்பது பற்றி அரைமணி நேரம் பேசினோம். போனை வைக்கப் போகும் சமயத்தில் கேட்டாள்:

"டீச்சர், எங்க ஆச்சி செத்தப்போ வகுப்புல நீங்க ஒண்ணு சொன்னீங்க. அது இன்னும் அப்படித்தானா?"

எனக்குக் கை நடுங்கிவிட்டது. ஏனென்றால் அவள் எதைச் சொல்கிறாள் என்று எனக்கு உடனே தெரிந்தது. நாற்பது வருஷத்துக்கு மேல் அவள் மறக்கவில்லை. நானும் மறக்கவில்லை.

நடந்தது இதுதான். அந்தப் பிள்ளைக்குத் தாய் இல்லை. ஆச்சிதான் வளர்த்தாள். பதநீர் காலத்தில் அந்த ஆச்சி பள்ளிக்கூடத்துப் பக்கம் வேப்பமரத்தடியில் கலயத்தோடு உட்கார்ந்திருப்பாள். காசு கொடுக்கிற பிள்ளைக்கும் பட்டையில் ஊற்றுவாள், காசு இல்லாமல் பார்த்துக்கொண்டு நிற்கிற பிள்ளைக்கும் ஊற்றுவாள். எந்தப் பிள்ளை எந்தத் தெரு என்று அவள் கேட்டதில்லை. அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் அது சின்ன விஷயம் இல்லை. நெற்றி நிறையத் திருநீறு பூசியிருப்பாள். கோவில் கொடைக்கு வரி கொடுத்த கதையை எனக்கே சொல்லியிருக்கிறாள்.

அவள் இறந்து ஒரு வாரம் இருக்கும். வேதபாடப் பீரியடில் நோவாவின் கதை நடத்தினேன். சுவரில் ஒரு பெரிய படம் மாட்டியிருந்தேன். பேழையின் கதவு அடைத்திருக்கிறது, மழை கொட்டுகிறது, வெளியே ஜனங்கள் கையைத் தூக்கிக்கொண்டு கதறுகிறார்கள். இந்தப் பிள்ளை எழுந்து நின்றாள். "டீச்சர், எங்க ஆச்சி வெளிய நிப்பாளா, உள்ள நிப்பாளா?"

எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. ஞாயிறு பள்ளிப் பரீட்சைகளில் பரிசு வாங்கியவள். பதில் கைவசம் இருந்தது. "இயேசுவை ஏத்துக்காதவங்க உள்ள போக முடியாதும்மா. அதனாலதான் நீ இப்பவே அவரை ஏத்துக்கணும்" என்றேன். அதட்டிச் சொல்லவில்லை, மெதுவாகத்தான் சொன்னேன். அன்பாகச் சொல்கிறோம் என்றே நினைத்தேன்.

அவள் உட்கார்ந்துவிட்டாள். மூன்று நாள் பள்ளிக்கூடம் வரவில்லை. பிறகு வந்தாள். நன்றாகப் படித்தாள், நல்ல மார்க் எடுத்தாள். ஆனால் என் வகுப்பில் அதன்பிறகு ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அதை நான் அப்போதே கவனித்தேன். கவனித்தும் சும்மா இருந்தேன்.

போனில் அவளிடம் என்ன சொன்னேன் என்றால், "எனக்குத் தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி சொல்லிட்டேன்மா. நான் சொல்லியிருக்கக் கூடாது. என்னை மன்னிச்சிடு." இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அவள் சொன்னாள்: "எனக்கு மட்டும் சொன்னாப் பத்தாது டீச்சர். அன்னைக்கு வகுப்புல நாப்பது பேர் கேட்டுக்கிட்டு இருந்தாங்க. எல்லாருக்கும் எழுதுங்க." அவள் அனுமதியோடுதான் எழுதுகிறேன். பெயரை மட்டும் போடவில்லை.

நான் வேத சாஸ்திரம் படித்தவள் இல்லை. ஒரு தமிழ் டீச்சர். பாளையங்கோட்டையில் சபையில் பிறந்து, பாடகர் குழுவில் பாடி, ஓய்வு பெற்ற பிறகு வேதாகமத்தை நிதானமாக, ஒரு பாடநூலை வாசிப்பதுபோல வாசித்தவள். இன்றைக்கும் ஞாயிறுதோறும் ஆலயத்தில் எழுந்து நின்று விசுவாசப் பிரமாணம் சொல்கிறேன். உயிரோடிருக்கிறவர்களையும் மரித்தோரையும் நியாயந்தீர்க்கக் கிறிஸ்து வருவார் என்பதை நம்பித்தான் சொல்கிறேன். அதில் மாற்றம் இல்லை. மாறியது வேறொன்று. அதைத்தான் சொல்லப் போகிறேன்.

முதலில், என் மற்ற பிள்ளைகளுக்கு. நீங்கள் சிலர் என்னிடம் கேட்டிருக்கிறீர்கள்: "எதுக்கு டீச்சர் இந்த நியாயத்தீர்ப்பு, நரகம் எல்லாம்? கடவுள் அன்பானவர்னு சொல்லிட்டு விட்டுடலாமே." கேட்கச் சுலபமாக இருக்கிறது. ஆனால் என்னால் அப்படி விட முடியாது.

1968ஆம் வருஷம் டிசம்பர் 25. எனக்குப் பதினைந்து வயது. நாங்கள் கிறிஸ்துமஸ் கொண்டாடிய அதே இரவில் தஞ்சை ஜில்லா கீழ்வெண்மணியில் கூலி கூட்டிக் கேட்ட குற்றத்துக்காக 44 பேரை ஒரு குடிசைக்குள் வைத்துக் கொளுத்தினார்கள். அதில் பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். கீழ்க்கோர்ட்டில் தண்டனை கிடைத்தது. பிறகு உயர்நீதிமன்றம் மிராசுதாரர்களை விடுதலை செய்துவிட்டது. அந்தக் குழந்தைகளுக்கு இந்தப் பூமியில் நியாயம் முடிந்துபோயிற்று. "கடவுள் அன்பானவர், எல்லாம் சரியாப் போயிடும்" என்று அந்தத் தாய்மாரிடம் போய் நான் எப்படிச் சொல்ல முடியும்? எல்லாம் சரியாய்ப் போகாது. யாராவது அதைச் சரி செய்ய வேண்டும். கோர்ட்டுக்கு மேல் ஒரு கோர்ட்டு இருக்க வேண்டும்.

சங்கீதப் புஸ்தகத்தில் 96ஆம் சங்கீதத்தையும் 98ஆம் சங்கீதத்தையும் எடுத்துப் பாருங்கள். பூமியை நியாயந்தீர்க்கக் கர்த்தர் வருகிறார் என்று கேட்டதும் அங்கே யாரும் பயந்து ஓடவில்லை. காட்டு மரங்கள் பாடுகின்றன, ஆறுகள் கைகொட்டுகின்றன. நியாயத்தீர்ப்பு என்பது அங்கே திருவிழா. பழைய ஏற்பாட்டில் நியாயாதிபதிகள் என்றே ஒரு புஸ்தகம் இருக்கிறது. அதில் தெபொராள், கிதியோன் என்று வருகிறவர்கள் நம் ஊர் ஜட்ஜ் மாதிரி பெஞ்சில் உட்கார்ந்து கட்டுப் படிக்கிறவர்கள் மட்டும் இல்லை. ஒடுக்கப்பட்ட ஜனத்தை மீட்டுக் கொடுத்தவர்கள். கோணலானதை நிமிர்த்துவதுதான் அங்கே நியாயம் தீர்ப்பது. நிலத்தைப் பிடுங்கிக்கொண்டவனைப் பார்த்து நம் ஊர் விதவை "மேல ஒருத்தன் பாத்துக்கிட்டுத்தான் இருக்கான்" என்று சொல்கிறாளே, அவள் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் அவள் சொல்வது இந்தச் சங்கீதத்தைத்தான்.

ஆக, நியாயத்தீர்ப்பை நான் கைவிடவில்லை. அப்படியானால் அன்று வகுப்பில் நான் செய்த தப்பு என்ன?

தமிழ் டீச்சராகச் சொன்னால்தான் எனக்கு விளக்க வரும். தன்மை, முன்னிலை, படர்க்கை நடத்தியது ஞாபகம் இருக்கிறதா? நான், நீ, அவன். இயேசு நியாயத்தீர்ப்பைப் பற்றிப் பேசும் இடங்களை எல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து, யாரிடம் பேசுகிறார், யாரைப் பற்றிப் பேசுகிறார் என்று பார்த்தேன். அநேகமாக எல்லாமே எதிரே நிற்கிறவனுக்குச் சொல்லும் எச்சரிக்கை. முன்னிலை. செத்துப்போன அடுத்த வீட்டுக்காரன் எங்கே போனான் என்று படர்க்கையில் சொல்லிக் கொடுப்பதற்கு அவர் அந்தப் பாடத்தை நடத்தவே இல்லை.

லூக்கா 13ஆம் அதிகாரத்தில் ஒருவன் நேராகவே கேட்கிறான், இரட்சிக்கப்படுகிறவர்கள் சிலர்தானா என்று. கணக்குக் கேட்கிறான். இயேசு கணக்குச் சொல்லவில்லை. இடுக்கமான வாசல் வழியாக நுழைய நீங்கள் பிரயாசப்படுங்கள் என்கிறார். அதோடு விடவில்லை. உம்மோடு சாப்பிட்டோமே, எங்கள் தெருவில் நீர் போதித்தீரே என்று சொல்கிறவர்கள் வெளியே நிற்பார்கள், கிழக்கிலும் மேற்கிலும் வடக்கிலும் தெற்கிலும் இருந்து வருகிறவர்கள் உள்ளே பந்தியில் உட்காருவார்கள் என்கிறார். இதை வாசிக்கும்போது எனக்கு என் முகம்தான் தெரிகிறது. அவரோடு சாப்பிட்டவள் நான்தானே. அவர் போதித்த தெருவில் வீடு கட்டிக் குடியிருக்கிறவளும் நான்தானே.

மத்தேயு 25. செம்மறியாடும் வெள்ளாடும். நம் கன்வென்ஷன் பந்தலில் எல்லாம் கேட்டுப் புளித்த பகுதி. அங்கே ராஜா கேட்கிற கேள்விகளை எண்ணிப் பாருங்கள். பசித்தவனுக்குச் சாப்பாடு, தாகமாயிருந்தவனுக்குத் தண்ணீர், அந்நியனுக்கு இடம், உடுப்பில்லாதவனுக்கு உடுப்பு, வியாதிக்காரனைப் பார்த்தது, ஜெயிலில் இருப்பவனிடம் போனது. ஆறே கேள்விதான். அதைவிட ஆச்சரியம், இரண்டு பக்கத்தாருக்குமே தீர்ப்பு அதிர்ச்சியாக இருக்கிறது. நாங்கள் எப்போது உம்மைப் பார்த்தோம் என்று இரண்டு பக்கமும் கேட்கிறது. யார் எந்தப் பக்கம் என்று முன்கூட்டியே தெரிந்தவர் அந்தக் கூட்டத்தில் ஒருவரும் இல்லை. நான் மட்டும் 1981ஆம் வருஷத்திலேயே தெரிந்து வைத்திருந்தேன்!

தாகமாயிருந்தவனுக்குக் கொடுத்தது என்று வாசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த வேப்பமரமும் பட்டையில் ஊற்றிய பதநீரும்தான் ஞாபகம் வருகிறது.

யோவான் சுவிசேஷத்தின் கடைசி அதிகாரத்தில் பேதுரு இன்னொரு சீஷனைக் காட்டி, ஆண்டவரே, இவன் காரியம் என்ன என்று கேட்கிறான். அதனால் உனக்கென்ன, நீ என் பின்னால் வா என்கிற மாதிரி பதில் வருகிறது. பரீட்சை ஹாலில் பக்கத்துப் பேப்பரைப் பார்க்கிற பையனிடம் நாங்கள் சொல்வோமே, "ஒன் பேப்பரைப் பாருலே" என்று, அதேதான்.

இப்போது என் சொந்தக்காரர்கள் சிலருக்குக் கை பரபரக்கும் என்று தெரியும். முக்கியமாக ஊழியம் செய்கிற என் தம்பி மகனுக்கு. "பெரியத்தை, அப்போஸ்தலர் 4ஆம் அதிகாரத்தை மறந்துட்டீங்களா? வேறே நாமம் இல்லைன்னு இருக்கே. யோவான் 14ல அவரே வழின்னு இருக்கே" என்று கேட்பான். நியாயமான கேள்வி. மழுப்பாமல் பதில் சொல்கிறேன், ராசா.

அந்த வசனங்களை நான் நம்புகிறேன். யார் இரட்சிக்கப்பட்டாலும் கிறிஸ்துவால்தான் இரட்சிக்கப்படுகிறார்கள் என்றே நம்புகிறேன். ஆனால் அவர் யாரை இரட்சிக்கிறார் என்பதற்கு என் அறிவு எல்லையா? ஆபிரகாம் இயேசு என்ற பெயரைக் கேட்டவனா? மோசே ஞானஸ்நானம் எடுத்தவனா? எபிரெயர் 11ஆம் அதிகாரத்தில் விசுவாச வீரர்கள் பட்டியலில் எரிகோவின் வேசி ராகாப் பெயர்கூட இருக்கிறது. சிலுவையில் பக்கத்தில் தொங்கிய கள்ளன் எந்தச் சபையில் அங்கத்தினன்? பெயர் தெரியாமலே அவரால் தாங்கப்பட்டவர்கள் உண்டு என்று நம் வேதமே சொல்கிறது. நியாயப்பிரமாணம் கிடைக்காதவர்களின் மனச்சாட்சியைப் பற்றிப் பவுல் ரோமர் 2ல் எழுதியதையும் ஒருதரம் சேர்த்து வாசி.

எதிர்ப்பக்கத்தையும் மறைக்க மாட்டேன். கடைசியில் எல்லாரும் இரட்சிக்கப்பட்டே தீருவார்கள் என்று அடித்துச் சொல்லவும் எனக்கு உரிமை இல்லை. மூன்றாம் நூற்றாண்டில் ஓரிகன் ஏறக்குறைய அப்படிப் போதித்தார். சபை அதைக் கோட்பாடாக ஏற்கவில்லை. மனுஷன் கடைசிவரை வேண்டாம் என்று சொல்லிவிட முடியும் என்பது உண்மை. அந்த வாசல் இடுக்கமானது என்று அவர் சொன்னது விளையாட்டுக்கு இல்லை. ஆனால் நான்காம் நூற்றாண்டில் நீசாவின் கிரெகோரியார் ஓரிகனுக்கு நெருக்கமான நம்பிக்கையை எழுதினார், அவரை இன்றும் பரிசுத்தவானாகவே சபை வைத்திருக்கிறது. ஆக, எல்லாரும் வருவார்கள் என்று சட்டம் போடக் கூடாது. எல்லாரும் வரவேண்டும் என்று ஏங்கலாம், ஜெபிக்கலாம். 1 தீமோத்தேயு 2ன்படி தேவனுடைய சித்தமும் அதுதானே.

"சபைக்கு வெளியே இரட்சிப்பு இல்லை" என்று ஒரு பழைய வாக்கியத்தைத் தூக்கிப் பிடிப்பார்கள். அதன் வேர் மூன்றாம் நூற்றாண்டில் கார்த்தேஜ் நகரத்துப் பிஷப் சிப்ரியானிடம் இருக்கிறது. அவர் அதை எழுதியது சபையை உடைத்துக்கொண்டு போனவர்கள் கொடுக்கும் ஞானஸ்நானம் செல்லுமா என்கிற சண்டையில். அதாவது வீட்டுக்குள்ளேயே நடந்த சண்டை. அதை எடுத்துக் கேள்விப்படாத ஜனத்தின் தலையில் போட்டது பிற்காலத்தார். கத்தோலிக்கரிலேயே அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில் ஃபீனி என்று ஒரு குருவானவர் இதை எழுத்துப் பிசகாமல் போதித்தார். 1949ல் ரோமாபுரியிலிருந்தே அதை மறுத்துக் கடிதம் வந்தது. விளக்கம் சொல்ல ரோமுக்கு வரச் சொல்லியும் போகாததால் 1953ல் சபையிலிருந்து விலக்கப்பட்டார். வெளியே இருப்பவனுக்கு வழியில்லை என்றவர் கடைசியில் தானே வெளியே நின்றார். அவர் சாவதற்குச் சில வருஷம் முன்னால் மறுபடி சேர்த்துக்கொண்டார்கள். அவருக்கும் கிருபை கிடைத்தது, சந்தோஷம்.

1964ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருச்சபையைப் பற்றிய ஏட்டில் இதைத் தெளிவாகவே எழுதிவிட்டது. தன் குற்றமில்லாமல் சுவிசேஷத்தை அறியாதிருந்து, நேர்மையான மனதோடு கடவுளைத் தேடி, மனச்சாட்சி காட்டிய வழியில் நடக்க முயன்றவர்களும் இரட்சிப்படைய முடியும் என்று. நாம் சீர்திருத்த சபைக்காரர்கள், ரோமாபுரி சொன்னது நம்மைக் கட்டாது. ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள். எத்தனையோ பேரைப் பரிசுத்தவான்கள் என்று அறிவித்த அந்தச் சபை, இன்னார் நரகத்தில் இருக்கிறார் என்று இதுவரை ஒரே ஒரு மனுஷனைப் பற்றிக்கூட அறிவித்ததில்லை. யூதாஸைக்கூட. இரண்டாயிரம் வருஷமாக அவர்கள் செய்யத் துணியாததை நான் ஒரு பதினொரு வயதுப் பிள்ளை முன்னால் ஒரு நிமிஷத்தில் செய்துவிட்டேன்.

நம் ஊருக்கே வருவோம். பாளையங்கோட்டையில் பாப்பாத்தி அம்மாள் கோவில் என்று சொல்கிறோமே, 1785ல் கட்டியது. அதைக் கட்டிய குளோரிந்தா விதவையான பிராமணப் பெண். அவள் ஞானஸ்நானம் கேட்டபோது, ஒரு ஆங்கிலேய அதிகாரியோடு கல்யாணமில்லாமல் வாழ்கிறாள் என்று மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் முதலில் மறுத்துவிட்டார். அந்த அதிகாரி இறந்த பிறகு 1778ல்தான் கொடுத்தார். ஐயர் சொன்ன காரணம் சபை ஒழுங்குப்படி சரியாக இருக்கலாம். ஆனால் நான் யோசிக்கிறேன், மறுத்ததற்கும் கொடுத்ததற்கும் இடையிலான வருஷங்களில் ஒரு காய்ச்சலில் அவள் போயிருந்தால்? வெளியே நிற்பாள் என்று சொல்லியிருப்போமா? வாசலில் நிறுத்தப்பட்ட அந்தப் பெண் கட்டிய கோவில்தான் திருநெல்வேலிச் சீமையில் நம் சபையின் தொடக்கம்.

"அப்படின்னா எதுக்கு ஊழியம்? எதுக்கு சுவிசேஷம்?" என்று தம்பி மகன் கேட்பான். இரட்சிப்பு என்பது செத்த பிறகு வாசலில் காட்டுகிற டிக்கெட் மட்டும் என்றால் உன் கேள்வி சரி. ஆனால் வேதத்தில் அந்த வார்த்தை அவ்வளவு ஒடுங்கினது இல்லை. பெரும்பாடுள்ள பெண்ணுக்கு இரத்தம் நின்றபோதும், குருடன் பர்திமேயுவுக்குக் கண் தெரிந்தபோதும் இரட்சித்தது என்கிற அதே சொல்லைத்தான் இயேசு சொன்னதாக எழுதியிருக்கிறது. குணமாவதும் இரட்சிப்புதான்.

சகேயு கதையைப் பார். ஜனங்களைச் சுரண்டிச் சம்பாதித்த ஆயக்காரன். ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்குக் கொடுக்கிறேன், அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பிக் கொடுக்கிறேன் என்று எழுந்து நின்று சொல்கிறான். இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்கிறார் இயேசு. செத்த பிறகு இல்லை, இன்றைக்கு. ஏமாந்தவனுக்குப் பணம் திரும்பக் கிடைக்கிறது, ஏமாற்றியவன் மனுஷனாகிறான். நியாயத்தீர்ப்பும் இரட்சிப்பும் ஒரே வீட்டில் ஒரே வேளையில் நடக்கின்றன. இந்த நல்ல செய்தியைச் சொல்வதற்கு எதிரே இருப்பவனின் செத்துப்போன ஆச்சியை நரகத்தில் தள்ளித்தான் ஆக வேண்டுமா? பயத்தில் வருகிறவன் பயம் தெளிந்ததும் போய்விடுவான். என் மாணவி மூன்று நாள் வராமல் இருந்தாளே, என் சுவிசேஷம் அவளுக்கு என்ன நல்ல செய்தி சொன்னது?

யோனா தீர்க்கதரிசியை நினைத்துக்கொள். நினிவே அழியப் போகிறது என்று கத்தினான். ஜனம் மனந்திரும்பியது, தேவன் விட்டுவிட்டார். யோனாவுக்குச் சந்தோஷமா? இல்லை, கோபம். சொன்னது நடக்கவில்லையே என்று. இலட்சத்து இருபதினாயிரத்துக்கும் அதிகமான மனுஷரும் அத்தனை ஆடுமாடுகளும் இருக்கிற ஊருக்காக நான் இரங்க வேண்டாமா என்று தேவன் கேட்கிற கேள்வியோடு அந்தப் புஸ்தகம் முடிந்துபோகிறது. யோனா என்ன பதில் சொன்னான் என்று எழுதவில்லை. பதில் எழுத வேண்டியது நாம் என்று நினைக்கிறேன். யாரோ ஒருவன் தப்பித்துக்கொண்டான் என்று கேட்டால் நமக்கு வருத்தம் வருகிறதா, சந்தோஷம் வருகிறதா? நம் இருதயத்தைச் சோதிக்க இதைவிட நல்ல கேள்வி இல்லை.

கடைசியாக அந்த நோவா படம். ஓய்வு பெற்று இரண்டு வருஷம் கழித்து பேதுருவின் முதல் நிருபத்தை வாசித்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் அதிகாரத்தில் வந்ததும் அப்படியே நின்றுவிட்டேன். எத்தனையோ தடவை கேட்ட பகுதிதான், கவனித்ததில்லை. மரித்த கிறிஸ்து காவலிலிருந்த ஆவிகளிடத்தில் போய்ப் பிரசங்கித்தார் என்று இருக்கிறது. யார் அந்த ஆவிகள்? நோவாவின் நாட்களில் கீழ்ப்படியாமற்போனவர்கள் என்று எழுதியிருக்கிறது. அதாவது நான் சுவரில் மாட்டிய படத்தில் கதவுக்கு வெளியே கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்களே, அவர்கள்.

இந்தப் பகுதிக்குப் பண்டிதர்கள் பலவிதமாகப் பொருள் சொல்கிறார்கள். அவர் அங்கே என்ன சொன்னார், அவர்கள் என்ன செய்தார்கள் என்று நான் கதை கட்டப் போவதில்லை. ஆனால் அவர் பாதாளத்தில் இறங்கினார் என்று நாம் வாராவாரம் சொல்கிறோம். கிழக்கத்திய சபைகளின் ஈஸ்டர் படங்களில் அதைத்தான் வரைவார்கள். இஸ்தான்புல்லில் கோரா ஆலயத்துச் சுவரில் பதினான்காம் நூற்றாண்டில் வரைந்த ஒன்று இருக்கிறது. என் மகன் போனில் எடுத்துக் காட்டினான். உடைந்த பாதாள வாசல் காலடியில் கிடக்கிறது. கிறிஸ்து ஒரு கையால் ஆதாமையும் மறு கையால் ஏவாளையும் மணிக்கட்டைப் பிடித்துக் கல்லறையிலிருந்து தூக்குகிறார். அவர்கள் அவர் கையைப் பிடிக்கவில்லை, அவர்தான் பிடித்திருக்கிறார்.

1981ல் என் வகுப்பில் அடைத்த கதவின் படம் மட்டும் இருந்தது. இந்தப் படத்தையும் பக்கத்தில் மாட்டியிருக்க வேண்டும். மாட்டிவிட்டு, அந்தப் பிள்ளையிடம் இப்படிச் சொல்லியிருக்க வேண்டும்: "உங்க ஆச்சி எங்க நிப்பான்னு டீச்சருக்குத் தெரியாதும்மா. அவளை நியாயந்தீர்க்கப் போறவர் அவளைப் படைச்சவர். அவரு எனக்குத் தெரிஞ்சவரு. அநியாயம் பண்ண மாட்டாரு. உங்க ஆச்சி மேல உனக்கு இருக்கிற பாசத்தைவிட அவருக்கு அதிகம் இருக்கு." இவ்வளவு சொல்ல எனக்கு வேத அறிவு அதிகம் தேவைப்பட்டிருக்காது. கொஞ்சம் தாழ்மை தேவைப்பட்டிருக்கும்.

அன்று அந்த வகுப்பில் இருந்த மற்ற பிள்ளைகளே, உங்களில் யாராவது அந்த வார்த்தையை மனதில் வைத்துக்கொண்டு உங்கள் அப்பாவையோ அம்மாவையோ ஆச்சியையோ நினைத்து வருந்தியிருந்தால் என்னை மன்னியுங்கள். அந்த வார்த்தையை நம்பி நீங்களும் யாருக்காவது அப்படிச் சொல்லியிருந்தால், உயிரோடு இருக்கும்போதே போய்த் திருத்திக்கொள்ளுங்கள். நாலத்தனையாக இல்லாவிட்டாலும் வாங்கிய அளவாவது திருப்பிக் கொடுக்க வேண்டும்.

என் சொந்தக்காரர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். அடக்க ஆராதனை வீட்டில், குளிர்ப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "இரட்சிக்கப்பட்டாரா?" என்று யாரும் யாரையும் கேட்காதீர்கள். கேட்டே ஆகவேண்டும் என்றால் வீட்டுக்குப் போய்க் கண்ணாடி முன்னால் நின்று கேளுங்கள். தன்மை ஒருமையில்.

எனக்கு எழுபது தாண்டிவிட்டது. நானும் அந்தச் சிங்காசனத்துக்கு முன்னால் நிற்கப் போகும் நாள் வெகுதூரத்தில் இல்லை. அங்கே ஆறு கேள்வி கேட்பார் என்று தெரியும். தாகத்துக்குக் கொடுத்தாயா என்ற கேள்வி வரும்போது நான் தலைகுனிவேன் என்றும் தெரியும். கூட்டத்தில் எங்கேயாவது ஒரு கிழவி கையில் கலயத்தோடு நிற்கிறாளா என்று தேடுவேன். அவளைப் பார்த்தால் முதலில் அவளிடம் போய் மன்னிப்புக் கேட்பேன். அவள் ஒரு பட்டை பதநீர் ஊற்றித் தருவாள் என்றுதான் நினைக்கிறேன். காசு கொடுக்காத பிள்ளைக்கும் ஊற்றிப் பழகினவள்.

மாறான கருத்து இருப்பவர்கள் கீழே எழுதுங்கள். சண்டை போடாமல் எழுதுங்கள். எல்லாவற்றையும் வாசிப்பேன், மெதுவாகப் பதில் சொல்வேன். கண் முன்போல் இல்லை.

திருப்பூர்க்காரியே, உன் கேள்விக்கு நாற்பது வருஷம் தாமதமாகப் பதில் எழுதிவிட்டேன். இனிமேல் நீ எத்தனை கேள்வி வேண்டுமானாலும் கேட்கலாம்.

அன்புடன்,
உங்கள் பழைய தமிழ் டீச்சர்